தன்னம்பிக்கைக்குப் பத்துக்கு மூன்று: வேலைக்கு ஆள் எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சேர், அன்புள்ள மேடம்,

கொழும்பிலும் கண்டியிலும், எங்கள் ஹட்டன் டவுனிலும்கூட, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வேலைக்கு ஆள் எடுக்கிற எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். யாரையும் பெயர் சொல்லப் போவதில்லை. சொல்லத் தொடங்கினால் பதின்மூன்று பெயர் வரும். அத்தனை பேரோடும் சண்டை பிடிக்க எனக்குத் தெம்பில்லை.

போன மாதம் நான் வேலை செய்கிற அலுவலகத்தில் ஓர் இன்டர்வியூ நடந்தது. நான் கேள்வி கேட்கிற ஆள் இல்லை. வெளியே காத்திருப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே அனுப்பி, முடிந்ததும் புள்ளித் தாளை வாங்கி ஃபைலில் கோக்கிற ஆள். ஒரு வெற்றிடத்துக்கு முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். தாளில் ஐந்து கட்டம்: கல்வித் தகைமை, அனுபவம், தோற்றம், தொடர்பாடல், கடைசியில் தன்னம்பிக்கை. ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி. பதினெட்டாவதாக உள்ளே போன பிள்ளை மஸ்கெலியா பக்கம். ஆறு நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டாள். அவளுடைய தாளில் தன்னம்பிக்கைக்கு மூன்று.

அந்த மூன்றை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 2021இலிருந்து 2023 வரை நான் போய் வந்த பதின்மூன்று இடங்களிலும் என் தாளில் என்ன எழுதியிருப்பார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்குத் தெரிந்துவிட்டது.

அந்தப் பிள்ளையைக் காலையிலேயே பார்த்திருந்தேன். அலுவலகக் கதவைத் திறக்கப் போனபோது வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். ஷொப்பிங் பேக்கிலிருந்து ஒரு பழைய துணியை எடுத்துக் காலைத் துடைத்தாள். சேறு காய்ந்த செருப்பைப் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டாள். பிறகு கறுப்புச் சப்பாத்தை மாட்டினாள். எந்த ஊர் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. மலையிலிருந்து வருகிறவர்கள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வரமாட்டார்கள், கையில் கொண்டு வருவார்கள். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்து பஸ் ரோட்டுக்கு வரும் கல் ரோட்டில், அதுவும் மழை நாளில், சப்பாத்தோடு நடந்தால் இன்டர்வியூவுக்குச் சேறுதான் போய்ச் சேரும்.

நீங்கள் எட்டரைக்கு வரச் சொல்கிறீர்கள். கொழும்பில் இருப்பவருக்கு அது காலை நேரம். எங்களுக்கு அது முந்தின நாள் இரவே தொடங்கிவிடும். பொகவந்தலாவைக்கு மேலே இருக்கிறது எங்கள் தோட்டம். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கலை, எட்டியாந்தோட்டை, அவிசாவளை என்று வளைந்து இறங்குகிற பஸ்ஸுக்குக் கொழும்பு வந்து சேர நாலைந்து மணித்தியாலம் வேண்டும். அதற்கு முன்னால் தோட்டத்திலிருந்து ஹட்டனுக்கு வர வேண்டும், நடுச்சாமத்தில் அதற்கு ஏது பஸ்? அதனால் நான் முந்தின நாள் மாலையே ஹட்டனுக்கு வந்து, இரவுத் தபால் ரயிலைப் பிடிப்பேன். விடியும் முன்னே கோட்டை ஸ்டேஷன். அங்கே குழாயடியில் முகம் கழுவி, உடுப்பு மாற்றி, பெஞ்சில் உட்கார்ந்து ஏழரை மணி வரைக்கும் சாமான் பையைக் கட்டிக்கொண்டு முழித்திருக்க வேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயலோடு மலைநாட்டு ரயில் பாதையில் பல இடங்களில் மண் சரிந்தபோது அந்த வழியும் அடைபட்டது. அப்படித் தூங்காமல் வந்து உட்கார்ந்த ஒருத்தி கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தால், அதைப் பதற்றம் என்று எழுதிவிடுகிறீர்கள்.

தூரத்திலிருந்து வருகிறவர்களைப் பதினொரு மணிக்குப் பிறகு கூப்பிடுங்கள். விண்ணப்பத்தில் முகவரி இருக்கிறது. அதைப் பார்த்து வரிசையை மாற்றுவதற்குச் சல்லிக் காசு செலவாகாது.

முகவரி என்றதும் இன்னொன்று. இடையில் நான் போக முடியாமல் போன ஓர் இன்டர்வியூவுக்கான கடிதம், அந்த இன்டர்வியூ முடிந்து மூன்றாம் நாள் என் கைக்கு வந்தது. எங்களுக்கு வீட்டு வாசலில் தபால்காரர் மணி அடிப்பதில்லை. தோட்டத்து மக்களுடைய கடிதமெல்லாம் தோட்ட ஒஃபிசுக்கு வரும். அங்கேயிருந்து யாராவது எடுத்து, யாரிடமாவது கொடுத்து, அவர் ஞாபகம் வைத்திருந்தால் லயத்துக்கு வரும். நான் அந்தக் கம்பனிக்குப் போன் செய்து சொன்னேன். "கடிதம் நேரத்துக்கு அனுப்பியிருக்கிறோம், மிஸ்" என்றார்கள். உண்மைதான், நேரத்துக்குத்தான் அனுப்பியிருந்தார்கள். கடிதம் போடுகிறவர்கள் கூடவே ஓர் எஸ்.எம்.எஸ்.ஸும் போட்டுவிடுங்கள்.

சரி, தன்னம்பிக்கைக்கு வருகிறேன்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் லயத்துப் பீலியில் தண்ணீர் நின்றுபோய் மூன்று வாரமாகியிருந்தது. அப்பா தோட்ட ஒஃபிசுக்குப் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார். எந்த மலையில் தண்ணீர் அடைபட்டிருக்கிறது, எந்த வளைவில் குழாய் வெடித்திருக்கிறது, எத்தனை அடி புதுக் குழாய் வேண்டும், யார் யார் சம்பளம் வாங்காமல் வேலைக்கு வருவார்கள், எல்லாம் விலாவாரியாகச் சொன்னார். காலையில் ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தைத் தாண்டி ஒஃபிஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றதும் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். உள்ளே துரை, தோட்டத்து மனேஜர்.

"என்ன?"

"தண்ணி வரலைங்க."

"பார்க்கச் சொல்றேன்."

"சரிங்க."

அவ்வளவுதான். திரும்பி வரும்போது மறுபடியும் அந்தக் குழாய்க் கதை. இதையெல்லாம் ஏன் துரையிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவங்க கேக்கலியே பாப்பா. கேக்காதத நாமளா சொன்னா அதிகப்பிரசங்கித்தனம்னு நெனப்பாங்க" என்றார்.

அந்தத் தோட்டத்தின் தண்ணீரைப் பற்றி அப்பாவை விட அதிகம் தெரிந்த ஆள் கிடையாது. தெரிந்ததைப் பெரிய ஆளின் முன்னால் விரித்துப் பேசாமல் இருப்பதுதான் மரியாதை என்று அவருக்கு அவருடைய அப்பா சொல்லியிருப்பார், அவருக்கு அவருடைய அப்பா. இருநூறு வருஷமாகக் கைமாறி வந்த பழக்கம் அது. அதை நான் அப்படியே கொழும்புக்குக் கொண்டுவந்தேன்.

முதல் இன்டர்வியூவில், "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்கள். பெயர் சொன்னேன், தோட்டம் சொன்னேன், அம்மா அப்பா, கூடப் பிறந்தவர்கள் மூன்று பேர் என்று சொன்னேன். "வேறு?" என்றார்கள். "அவ்வளவுதான் சேர்" என்றேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, கண்ணைத் தாழ்த்தி, மரியாதையாக எழுந்து வந்தேன். அப்பா இருந்திருந்தால் மெச்சியிருப்பார். உங்கள் தாளில் அதற்குத்தான் மூன்று.

ஏழாவதோ எட்டாவதோ இன்டர்வியூவில் ஒரு சேர் முகத்துக்கு நேரே சொன்னார், "கண்ணைப் பார்த்துப் பேசப் பழகுங்கள்" என்று. நல்ல மனதோடுதான் சொன்னார். வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் கண்டக்டரின் கண்ணைப் பார்த்துப் பழகினேன். அவர் மிச்சக் காசு கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

உங்கள் பக்கத்தில் மட்டும் பிழை என்று சொல்ல வரவில்லை. எங்கள் பக்கத்து அபத்தங்களையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் முதல் சுயவிபரக்கோவையை ஹட்டனில் ஒரு கொமியூனிகேஷனில் அடித்தேன். கடைக்காரத் தம்பி கம்பியூட்டரில் ஏற்கெனவே இருந்த ஒன்றைத் திறந்து, பழைய பெயரை அழித்து என் பெயரைப் போட்டான். மேலே ஆங்கிலத்தில் அழகான நாலு வரி, நான் துடிப்பானவள், சவால்களை விரும்புகிறவள், குழுவாக உழைப்பவள் என்றெல்லாம். என்னவென்று முழுசாக விளங்காமலே காசு கொடுத்து வாங்கினேன். மூன்றாவது இன்டர்வியூவில் என்னோடு தலவாக்கலைப் பிள்ளை ஒருத்தியும் கொட்டகலைப் பையன் ஒருவனும் இருந்தார்கள். மூன்று பேருடைய தாளிலும் அதே நாலு வரி, அதே எழுத்துப் பிழையோடு. கேள்வி கேட்டவர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிச் சிரித்தார். எனக்கும் இப்போது சிரிப்பாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு இல்லை.

பொழுதுபோக்கு என்ற இடத்தில் வாசிப்பு என்று இருந்தது. "கடைசியாக என்ன வாசித்தீர்கள்?" என்று கேட்டார்கள். வெள்ளிக்கிழமை அரச வர்த்தமானிதான் வாசித்திருந்தேன், வேலை விளம்பரத்துக்காக. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஹட்டனில் நடந்த தன்னம்பிக்கைப் பயிலரங்கு ஒன்றுக்கும் போனேன். டை கட்டிய பேச்சாளர் எல்லோரையும் எழுந்து நிற்க வைத்து, "என்னால் முடியும்" என்று மூன்று தரம் கத்தச் சொன்னார். கத்தினோம். பகலுக்குச் சோற்றுப் பார்சல் தந்தார்கள், குறை சொல்லக்கூடாது, நல்ல பார்சல். அடுத்த வாரம் அதே மாதிரி மேசை, அதே மாதிரி மூன்று பேர், அதே தொண்டை அடைப்பு. கத்திய கத்தல் ஹட்டன் மண்டபத்திலேயே தங்கிவிட்டது போலிருக்கிறது.

மொழி விஷயத்தை நீங்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் இங்கிலிஷ் டீச்சர் இருக்கவில்லை. அது உங்கள் குற்றமில்லை, எங்கள் குற்றமும் இல்லை. ஆனால் விளம்பரம் ஆங்கிலத்தில், இன்டர்வியூ ஆங்கிலத்தில், வேலைக்குச் சேர்ந்த பிறகு நாள் முழுக்கப் பேசுவது சிங்களமும் தமிழும். இன்றைக்கு என் வேலையில் நான் எழுதுகிற ஆங்கிலம், ஏற்கெனவே இருக்கிற ஏழெட்டு ஈமெயில் மாதிரிகளில் தேதியையும் தொகையையும் மாற்றுவதுதான். போனை எடுத்தால் நுகேகொடையிலிருந்து சிங்களத்தில் ஒருவர் கோபிப்பார், வத்தளையிலிருந்து தமிழில் ஒருவர் கோபிப்பார். இரண்டு பேரையும் சமாதானப்படுத்த எனக்குத் தெரியும், தோட்டத்துக் கடையில் முதலாளியிடம் கடன் சொல்லிச் சாமான் வாங்கிய சிங்களம் எனக்கு இருக்கிறது. எந்த இன்டர்வியூவிலும் அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. வேலைக்கு எந்த மொழி வேண்டுமோ அதில் கேளுங்கள். விளம்பரத்திலேயே இன்ன மொழியில் இன்டர்வியூ என்று போட்டால் நாங்கள் அதற்குத் தயாராகி வருவோம்.

அரச வேலை இன்டர்வியூவுக்கும் ஒரு தடவை போனேன். கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்தது, மேசையிலும் சிங்களம் மட்டும். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது என்று உயர்தரத்தில் படித்து எழுதிச் சித்தியடைந்தவள் நான். அந்த மேசையில் அதை எடுத்துச் சொல்லலாமா கூடாதா என்று யோசிப்பதிலேயே இரண்டு கேள்விகளைக் கோட்டைவிட்டேன்.

கேட்கக் கூடாத சில கேள்விகள் இருக்கின்றன. "அப்பா என்ன வேலை?" என்று கேட்டுவிட்டு, "தோட்டத்தில்" என்றதும் பேனாவை மூடி வைக்கிறீர்கள். "தீபாவளிக்கு எத்தனை நாள் லீவு எடுப்பீங்க?" என்று ஒரு மேடம் கேட்டார், ஜூன் மாதத்தில். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வராமல் போன கதை உங்களிடம் நிறைய இருக்கும், தெரியும். அவர்களுக்கு ஏழு மாதமாக நியமனக் கடிதம் கொடுக்காத கதையும் அதோடு சேர்ந்தே இருக்கும். இன்னொருவர் "நீங்க இந்தியாவா?" என்றார். என் பாட்டி இந்த மண்ணில் பிறந்தவர். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் இலங்கைப் பிரஜையானார். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் எங்கள் ஆட்கள் நடந்தார்கள், இருநூறு வருஷத்துக்கு முன் முன்னோர் நடந்து வந்த அதே பாதையில். இதையெல்லாம் ஒரு கணக்குப் பிரிவு உதவியாளர் வேலைக்காக விளக்க வேண்டி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. "இல்லை சேர், பொகவந்தலாவை" என்று மட்டும் சொன்னேன்.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு, இல்லாவிட்டால் பௌர்ணமிப் போயா லீவுக்கு, ஊருக்குப் போகும்போது எங்கள் வாசிகசாலையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைக் கூட்டி வைத்து இன்டர்வியூ பழக்குகிறேன். ஒரு மேசை, இந்தப் பக்கம் ஒரு கதிரை, அந்தப் பக்கம் மூன்று. நான் கண்டுபிடித்த ஒரே வித்தை, அதிகம் பயப்படுகிற பிள்ளையை முதலில் கேள்வி கேட்கிறவருடைய கதிரையில் உட்கார வைப்பது. கையில் நாலு சுயவிபரக்கோவையும் ஒரு சிவப்புப் பேனாவும் கொடுத்து, "நீதான் இன்றைக்கு ஆள் எடுக்கிறாய், கேள்" என்று விட்டுவிடுவேன். மூன்று நிமிஷத்தில் கேள்வி தீர்ந்துவிடும். நோர்வூட் பையன் ஒருவன் எழுந்து வந்து, "அக்கா, அடுத்து என்ன கேக்கிறதுன்னே தெரியல. அவனா ஏதாச்சும் சொன்னா நல்லா இருக்கும்னு இருந்திச்சு" என்றான். அதற்குப் பிறகு அவனுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த முறை இந்தப் பக்கக் கதிரையில் உட்கார்ந்தபோது அவனாகவே ஒரு வரி கூடுதலாகச் சொன்னான்.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன விஷயம். முதல் வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் பண்ணு, மிச்சத்தைப் பண்ணாதே, பாதியில் ஒரு சொல் மறந்தால் முழுதும் கவிழ்ந்துவிடும். கேள்வி விளங்காவிட்டால் "மறுபடி கேட்க முடியுமா?" என்று கேள், அது தப்பில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்துகொள்ள என்ன செய்வாய் என்பதையும் சேர்த்துச் சொல். உள்ளே போவதற்கு முன் வாசலில் இருக்கிற செக்யூரிட்டி மாமாவோடு சிங்களத்தில் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போ, நாக்கு இளகும். வெறும் வயிற்றோடு போகாதே.

அனுபவம் என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதுவதுதான் எங்கள் பிள்ளைகளுடைய பெரிய நோய். அரசாங்க நிவாரணக் கொடுப்பனவான அஸ்வெசும விண்ணப்பம் வந்தபோது ஒரு லயம் முழுவதற்கும் படிவம் நிரப்பிக் கொடுத்த பிள்ளை, அனுபவம் இல்லை என்று எழுதியிருந்தாள். நானும் பன்னிரண்டு தடவை அப்படித்தான் எழுதினேன்.

பதினான்காவது இன்டர்வியூவில் மேசையில் ஒரு வயதான மேடம் மட்டும் இருந்தார். பலம் என்ன, பலவீனம் என்ன, ஐந்து வருஷத்தில் எங்கே இருப்பாய் என்றெல்லாம் கேட்கவில்லை. "மற்றவங்க காசைக் கையில வச்சிருந்திருக்கீங்களா?" என்று தமிழில், சிங்கள வாடையோடு கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது காமன் கூத்து ஞாபகம் வந்தது.

எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்துப் போடுவார்கள், சிவன் காமனை எரித்த கதை. உயர்தரம் எழுதிவிட்டுச் சும்மா இருந்த வருஷம் கணக்குக் கொப்பி என் கையில் வந்தது. ஐம்பத்தெட்டு வீடு, வீட்டுக்கு 1,500 ரூபாய், இரண்டு தவணை. அதைச் சொன்னேன்.

"ஏன் இரண்டு தவணை?"

"சம்பளம் பத்தாம் தேதிதான் மேடம். ஒரு சம்பளத்தில் முழுதும் கேட்டால் கடையில் அரிசிக் கடன் நின்றுபோகும்."

அவர் கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டார். காமன் தகனம் முடிந்த இரவு கையிருப்பு 1,250 ரூபாய் குறைந்ததையும், விடிய விடியப் பில்லுகளைத் தரையில் பரப்பித் தேடியதையும் சொன்னேன். பூசாரி வீட்டுக்குத் தேங்காயும் கற்பூரமும் வாங்கக் கொடுத்த காசை எழுத மறந்திருந்தேன். அதற்குத் துண்டும் இருக்கவில்லை. கடைக்காரரிடம் போய், தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி வந்து கொப்பியில் ஒட்டினேன்.

"தராத வீடு இருந்திருக்குமே?"

"ஏழு வீடு மேடம்."

"அவங்க பேரையும் பட்டியல்ல ஒட்டினீங்களா?"

"இல்லை. தலைவரிடம் மட்டும் சொன்னேன். அந்த வீடுகளில் அந்த மாதம் பெயர் விழுந்த நாள் குறைவு."

வேலைக்குப் போன நாளைப் பெயர் என்று சொல்வோம் என்பதையும் விளக்கினேன். இருபத்தைந்து நிமிஷம் போயிருந்தது. அவருடைய கண்ணைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தேன் என்பது பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. பதின்மூன்றாவது இன்டர்வியூவுக்கும் பதினான்காவதுக்கும் நடுவில் பதினாறு நாள்தான். அதற்குள் எனக்குத் தன்னம்பிக்கை ஒன்றும் பெருகிவிடவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றை அவர் கேட்டார்.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்ற கேள்விக்கு, "நீங்கள் தருவது" என்றுதான் வெகு காலம் சொல்லிவந்தேன். பிறகு ஒரு கொப்பியில் கணக்குப் போட்டேன்: போர்டிங், சாப்பாடு, பஸ், வீட்டுக்கு அனுப்புவது. அந்தக் கூட்டுத்தொகைக்குக் குறைந்தால் கொழும்பில் இருந்து பிரயோசனமில்லை. அதற்குப் பிறகு தொகையைச் சொன்னேன், குரல் நடுங்கினாலும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பதினோராவது இடத்தில் வேலை கிட்டத்தட்டச் சரி என்றார்கள். ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிந்த பிறகுதான் ஈ.பி.எஃப்., அதாவது ஊழியர் சேமலாப நிதி, கட்டத் தொடங்குவோம் என்றார்கள். எங்கள் அம்மாமார் பள்ளிக்கூடம் போயிருக்க மாட்டார்கள், ஆனால் ஈ.பி.எஃப்., ஊழியர் நம்பிக்கை நிதியான ஈ.டி.எஃப். என்றால் என்னவென்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். சம்பளத்தில் எங்கள் 8 வீதம், உங்கள் 12 வீதம், ஈ.டி.எஃப். 3 வீதம் தனியாக, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே. அதைச் சொன்னேன். நிமிர்ந்து உட்கார்ந்து, குரல் நடுங்காமல், கண்ணைப் பார்த்துச் சொன்னேன். அறை அமைதியாகிவிட்டது. "கோல் பண்றோம்" என்றார்கள். கோல் வரவில்லை. அந்தத் தாளில் தன்னம்பிக்கைக்கு எத்தனை போட்டிருப்பார்கள் என்று அறிய எனக்கு ஆசை.

கோல் பண்றோம் என்ற வார்த்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் காம்பராவில் போனுக்குச் சிக்னல் கிடைப்பது ஜன்னல் கட்டையின் இடது மூலையில் மட்டும். நீங்கள் கோல் பண்றோம் என்று சொன்ன நாளிலிருந்து போன் அந்த மூலையை விட்டு நகராது. அம்மா மலையிலிருந்து வந்து கூடையை இறக்கியதும் முதல் கேள்வி, "கோல் வந்திச்சா?" தம்பி அதில் பாட்டுக் கேட்கக்கூடாது, சார்ஜ் இறங்கிவிடும். ஒரு வாரம், இரண்டு வாரம். மூன்றாவது வாரம் அம்மா கேட்பதை நிறுத்திவிடுவார். அதற்குப் பிறகு அந்த ஜன்னல் பக்கம் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். 2021இல்தான் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாகியிருந்தது. நான் ஒரு தடவை கொழும்பு போய் வர அம்மாவின் மூன்று நாள் பெயர் கரைந்தது. 2022இல் எண்ணெய் இல்லாமல் பஸ்ஸெல்லாம் குறைந்த காலத்தில் இன்னும் கூட. அத்தனை செலவுக்கும் இல்லை என்ற ஒரு சொல்லாவது திரும்பி வந்திருந்தால் அம்மா அடுத்த நாள் வேறு ஏதாவது கேட்டிருப்பார்.

கிராம சேவகர் சான்றிதழையும் விண்ணப்பத்தோடேயே கேட்காதீர்கள். ஆறு மாதத்தில் காலாவதியாகிவிடும் அந்தத் தாளுக்காக அவரைத் தேடி அலைய ஒரு நாள் போய்விடும். ஆளைத் தெரிவு செய்த பிறகு கேளுங்கள், ஓடிப்போய் வாங்கி வருவோம். ஸூமில் முதல் சுற்று வைப்பவர்களுக்கு நன்றி, பயணச் செலவு மிச்சம். ஆனால் நேரத்தை முதலில் கேட்டுவிட்டு வையுங்கள். நான் சிக்னலுக்காகக் கோயில் படியில் உட்கார்ந்து பேசியபோது காலில் அட்டை ஏறியது. அசையாமல் இருந்தேன். வீடியோ உறைந்துவிட்டது என்று நினைத்துத் துண்டித்துவிட்டார்கள்.

அந்தக் கடைசிக் கட்டத்தைத் தாளிலிருந்து எடுத்துவிடச் சொல்லி என் மனேஜரிடம் கேட்டேன். தலைமை அலுவலகத்தின் படிவம், தொட முடியாது என்றார். அப்படியானால் புள்ளி போடுவதற்கு முன்னால், அந்த ஆளிடம் அவர் செய்த ஒரு வேலையைப் பற்றியாவது கேட்டோமா என்று ஓரத்தில் ஒரு அடையாளம் போடலாமா என்றேன். பார்ப்போம் என்றார். உங்களிடமும் அதைத்தான் கேட்கிறேன்.

அதோடு இன்னொன்றும் கேட்டேன். தெரிவாகாத முப்பது பேருக்கும் ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பட்டுமா என்று. "தேவையா?" என்றார். நான் பேசாமல் நின்றேன், பழைய பழக்கம். அப்புறம் சொன்னேன், அவர் கேட்காமலே, ஜன்னல் மூலையில் இருக்கிற போனைப் பற்றி. "சரி, அனுப்புங்க" என்றார்.

தமிழில் பதினேழு, சிங்களத்தில் பதின்மூன்று அனுப்பினேன். இம்முறை தெரிவாகவில்லை, வந்ததற்கு நன்றி, அவ்வளவுதான். பதினொரு பேர் பதில் போட்டார்கள். மஸ்கெலியாப் பிள்ளையின் பதில் பத்து நிமிஷத்தில் வந்தது: "நன்றி மிஸ். அடுத்த வேக்கன்ஸி எப்போ?"

இப்படிக்கு,
பதினான்காவது இன்டர்வியூவில் வேலை கிடைத்த ஒருத்தி,
பொகவந்தலாவை.